காப்பிரி என்னும் சொல்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குக் 'கடலும் கவிதையும்' என்னும் தலைப்பைத் தந்திருந்தனர். அத்தலைப்பில் பேசுவதற்கு என்னினும் தகுதியுடையோர் இவ்வவையில் பலர் உளர். ஆதலின், குழுவினரின் இசைவோடு, கடல் வழியாக நம் மொழிக்குள் வந்த ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விழைகிறேன். அச்சொல் 'காப்பிரி'.

இதை ஓர் ஆராய்ச்சி உரையாகத் தொடங்க எனக்கு உரிமையில்லை. ஓர் ஒப்புதல் வாக்குமூலமாகவே தொடங்க வேண்டும். நம் வட்டத்தின் முதலாண்டு மாதக் கூட்டம் ஒன்றில் உப்பளத்து இரவைப் பற்றி நான் ஒரு கவிதை படித்தேன். வெள்ளை உப்புக் குவியல்களுக்கு அப்பால் நின்ற இருளைக் கொள்ளைக்கு வந்து நிற்கும் காப்பிரிக்கு உவமித்திருந்தேன். உவமை நயமாக இருப்பதாகச் சிலர் பாராட்டினர். அக்கவிதை நம் முதல் தொகுப்பிலும் இடம்பெற்றது. சென்ற ஆண்டு பழைய படிகளை அடுக்கியபோது அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. கறுப்பு நிறத்தவன் என்றதும் கொள்ளைக்காரன் என்று எழுத எனக்கு யார் கற்பித்தார்? ஓர் ஆப்பிரிக்கரோடேனும் நான் உரையாடியதுண்டா? இல்லை.

ஆனால் அச்சொல்லை நான் சிறுவயதிலேயே அறிவேன். என் தாயாருக்குச் சுருட்டை முடி. 'காப்பிரி முடி' என்று உறவினர் நகையாடுவர். அவர் நாள்தோறும் எண்ணெய் வைத்து, இழுத்து வாரி, அந்தச் சுருளை அடக்குவதிலேயே காலை நேரத்தைக் கழித்தார். தாயாரைப் புண்படுத்திய சொல்லையே மகன் உவமையாக்கிக் கைதட்டல் வாங்கினான். இதுவே என்னைத் தேடத் தூண்டியது.

அச்சொல்லின் பிறப்பு நாம் நினைப்பது போன்றதன்று. 'காஃபிர்' என்னும் அரபுச் சொல்லுக்கு நம்பிக்கையற்றவர் என்று பொருள். அது சமயத்தைக் குறித்ததேயன்றி நிறத்தைக் குறித்ததன்று. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இஸ்லாத்தைச் சாராத மக்களை அரபு வணிகர் அவ்வாறு அழைத்தனர். போர்ச்சுக்கீசியர் அதைக் கேட்டுக் 'காஃப்ரெ' என்றாக்கி, ஓர் இனத்தின் பெயராகவே வழங்கினர். சன்னலும் அலமாரியும் சாவியும் மேசையும் எந்தக் கப்பலில் நம் கரைக்கு வந்தனவோ, அதே கப்பலில் காப்பிரியும் வந்தது. சன்னலைத் திறந்து வைத்த நாம், இச்சொல்லைக் கொண்டு ஒரு கண்டத்தையே மூடிவிட்டோம். ஏனெனில், நம் கடலில் ஆப்பிரிக்கர் பதினாறாம் நூற்றாண்டில் தோன்றியவர் அல்லர். அவர்கள் அடிமைகளாக மட்டும் வந்தவரும் அல்லர்.

கொற்கையிலிருந்தே தொடங்குவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் நூலை நாம் அனைவரும் அறிவோம். கொற்கையைப் பாண்டியருக்கு உரிய முத்துக்குளிப்பு இடமாகவும், அங்கே தண்டனை பெற்றோர் முத்தெடுத்ததாகவும் அந்நூல் குறிக்கிறது. கொற்கையின் பழம்பெருமைக்குச் சான்றாக நம் மேடைகளில் எத்தனை முறை இதை எடுத்துக்காட்டியிருக்கிறோம்! அதே நூலின் முற்பகுதியை நாம் புரட்டியதில்லை. செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையில், இன்றைய எரித்திரேயாவில் இருந்த அதூலிசு என்னும் துறைமுகம் அங்கே பேசப்படுகிறது. அங்கிருந்து யானைத் தந்தம் ஏற்றுமதியாயிற்று. இந்திய இரும்பும் எஃகும் பருத்தித் துணியும் அங்கே இறங்கின. அப்பகுதியை ஆண்ட சொஸ்காலெஸ் என்னும் மன்னரைப் பற்றி நூலாசிரியர் எழுதுகிறார்: பொருளில் கறாரானவர்; மற்றபடி நேர்மையாளர்; கிரேக்க எழுத்தறிவு உடையவர். கொற்கையும் அதூலிசும் ஒரே வணிகனின் ஒரே ஏட்டில் இடம்பெற்ற துறைகள். ஓர் ஏட்டின் கடைசிப் பக்கங்களை நம் பெருமையாகவும் முதற்பக்கங்களைப் பிறர் செய்தியாகவும் படித்துவிட்டோம்.

நம்மவரும் அக்கண்டத்தின் கரையில் கால் வைத்தவரே. எகிப்தின் செங்கடல் துறைகளான குசேர் அல் கதீமிலும் பெரனிகேயிலும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் அகழ்வில் கிடைத்துள்ளன. கணன், சாதன் என்னும் பெயர்கள் குசேரில் கிடைத்த ஓடுகளில் உள்ளன. பெரனிகேயில் ஒரு கோயிலின் பகுதியில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. இச்செய்திகளை நாம் பெருமிதத்தோடு பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் கப்பல் சென்ற திசையை மட்டும் பாடி, வந்த திசையைப் பாடாதிருப்பது நேர்மையாகுமா?

அதூலிசைத் தன் துறைமுகமாகக் கொண்டு எழுந்தது அக்சும் பேரரசு. பொன்னில் தன் பெயரால் காசு அடித்த ஆப்பிரிக்க அரசு அது. மங்களூரில் கிடைத்த புதையலில் அக்சும் மன்னர்களின் பொற்காசுகள் இருந்தன. ஆறாம் நூற்றாண்டில் ஏறத்தாழ 525-ஆம் ஆண்டு, காலேப் என்னும் அக்சும் மன்னர் கப்பற்படையோடு செங்கடலைக் கடந்து ஏமனை வென்றார். உரோமப் பேரரசர் ஜஸ்டினியன் சீனப் பட்டுக்காகப் பாரசீகரை நம்பியிருக்க விரும்பாமல், இந்தியத் துறைகளில் பட்டு வாங்கித் தருமாறு அதே மன்னரிடம் தூதனுப்பினார். பாரசீக வணிகர் முந்திக்கொண்டு சரக்கு முழுவதையும் வாங்கிவிட்டதால் அம்முயற்சி கைகூடவில்லை என்று வரலாற்றாசிரியர் புரோகோபியசு எழுதுகிறார். முயற்சி தோற்றது உண்மை. ஆயினும் உரோமப் பேரரசரே துணை வேண்டிய கடலரசு ஆப்பிரிக்காவில் இருந்தது என்பதும் உண்மை.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த கோசுமாசு என்னும் எகிப்திய வணிகர், இலங்கையின் துறைமுகத்திற்கு இந்தியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் கப்பல்கள் வந்ததாகக் குறிக்கிறார். சோபட்ரோசு என்னும் வணிகர் அதூலிசு மக்களோடு சேர்ந்து இலங்கைக்கு வந்த நிகழ்ச்சியையும் சொல்கிறார். அவர் பட்டியலில் சங்கு ஏற்றுமதி செய்த துறையொன்றும், காவிரிப்பூம்பட்டினம் என்று கருதப்படும் 'காபேர்' என்னும் துறையும் உள்ளன. நம் மன்னார்க் கடலின் இருமருங்கும் எத்தியோப்பிய வணிகனுக்குத் தெரிந்த நீர்ப்பரப்பாகவே இருந்தது.

நண்பர்களே, இனி எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டி, நமக்கு இன்னும் அண்மையில் வருவோம். 1344-இல் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மாலத்தீவிலிருந்து புறப்பட்டுப் புத்தளம் பகுதியில் கரையேறினார். அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். முத்துச் சலாபத்திலிருந்து வந்திருந்த முத்துகளை மன்னர் அவருக்குக் காட்டினார். பின்னர்க் கொழும்பு சென்றபோது, கடலுக்குத் தலைவராக அங்கே அதிகாரம் செலுத்திய ஜாலஸ்தி என்பவரிடம் ஏறத்தாழ ஐந்நூறு அபிசீனியர் இருந்ததாக எழுதுகிறார். அங்கிருந்து கடல் கடந்து நம் கரைக்கு வந்து மதுரைச் சுல்தானிடம் சென்றார்.

முத்துச் சலாபத்துக்கு அணித்தான கடலில், கடல் தலைவர் ஒருவரின் ஆற்றலாக ஐந்நூறு ஆப்பிரிக்கர் நின்றனர் என்பது சிறு செய்தியன்று. இன்னொன்றையும் அவரே கூறுகிறார். குசராத்துக் கரையில் அவர் ஏறிய கப்பலில் அபிசீனியப் போர்வீரர் ஐம்பதின்மர் காவலாக இருந்தனர். அவர்களுள் ஒருவர் கப்பலில் இருந்தாலும் கடற்கொள்ளையர் அணுக அஞ்சுவர் என்பது அக்கால வழக்கு. என் கவிதையில் காப்பிரி கொள்ளையடிக்க வந்தான். வரலாற்றிலோ கொள்ளையரிடமிருந்து கப்பலைக் காக்க அவன் நின்றான். இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

அவர்கள் காவலராக மட்டும் நின்றுவிடவில்லை. வங்காளத்தில் 1487 முதல் சில ஆண்டுகள் அபிசீனிய வழியினர் அரியணையிலேயே இருந்தனர். அகமதாபாத்தில் கல்லில் மரத்தின் கிளைகளை நெய்தது போன்ற பலகணி ஒன்று உண்டு. அப்பள்ளிவாசலை 1573-ஐ ஒட்டிக் கட்டுவித்தவர் சிதி சையத் என்னும் ஆப்பிரிக்க வழியினர். பரூச் மாவட்டத்து ரத்தன்பூரில் அடக்கமாகியுள்ள பாவா கோர் என்பவர் அபிசீனியாவிலிருந்து வந்து, அங்கே சூதுபவள மணித் தொழிலை வளர்த்தவர் என்று மரபு கூறுகிறது. மணி செய்வோர் இன்றும் அவரைப் போற்றுகின்றனர். முத்தை அறிந்த நம் ஊர், மணிக்கு ஓர் ஆப்பிரிக்கப் பெரியாரைப் போற்றும் ஊரை அறியவில்லை.

இவர்கள் எல்லாரிலும் உயர்ந்து நிற்பவர் மாலிக் அம்பர். ஏறத்தாழ 1548-இல் எத்தியோப்பியாவில் பிறந்தார், இளமையிலேயே விற்கப்பட்டார், கைமாறிக் கைமாறித் தக்காணத்துக்கு வந்தார். அகமதுநகரில் அவரை வாங்கிய அமைச்சர் சங்கீசுகானும் ஓர் அபிசீனியரே. 1600-இல் அகமதுநகர்க் கோட்டை முகலாயரிடம் வீழ்ந்தது. அரசு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தபோது, அம்பர் நிசாம்சாகி மரபின் இளவல் ஒருவரை அரியணையேற்றித் தாமே அரசை நடத்தினார். மராத்தியக் குதிரைப்படையைத் துணைக்கொண்டு, எதிர்பாரா இடத்தில் தாக்கி மறையும் போர்முறையால் முகலாயப் பேரரசைக் கால் நூற்றாண்டு தடுத்து நிறுத்தினார். 1610-இல் கட்கி என்னும் நகரை நிறுவி, நிலத்தடிக் கால்வாய்களால் அதற்கு நீர் கொணர்ந்தார். பின்னாளில் அவுரங்காபாத் என்று புகழ்பெற்ற நகரம் அதுவே. நிலவரியைச் சீர்செய்தார். 1624-இல் பாட்வடிப் போரில் முகலாயரும் பீசப்பூராரும் சேர்ந்து வந்த படையை முறியடித்தார். 1626-இல் இயற்கை எய்தினார்.

முகலாயப் பேரரசர் சகாங்கீரால் அவரை வெல்ல இயலவில்லை. ஆகவே தம் நினைவுக் குறிப்பில் அவர் நிறத்தை இழித்து எழுதினார்; ஓவியர் அபுல் அசனைக் கொண்டு, ஈட்டி நுனியில் குத்திவைத்த அம்பரின் தலைமீது தாம் அம்பெய்வது போல ஓர் ஓவியமும் தீட்டச் செய்தார். அக்காட்சி ஒருநாளும் நிகழவில்லை. களத்தில் கிட்டாத வெற்றியைக் கலையில் தேடிக்கொண்டார். ஆனால் அம்பர் மறைந்தபின், அதே அரசவையின் வரலாற்றாசிரியர் முதமித்கான், போர்த்திறத்திலும் ஆட்சித் திறத்திலும் அவருக்கு இணையில்லை என்னும் பொருள்பட எழுதிவைத்தார். பேரரசரின் ஓவியத்தையும் எழுத்தாளரின் நேர்மையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே என் கேள்வி. என் உப்பளக் கவிதை ஓவியத்தின் பக்கம் நின்றது.

இவர்களையெல்லாம் குறையற்றவர்களாகக் காட்டுவது என் நோக்கமன்று. கொங்கணக் கரையில் சஞ்சீராக் கோட்டையை ஆண்ட சிதிகள் மராத்தியருக்குப் பலகாலம் அடங்காமல் நின்று, 1948 வரை சமத்தானமாக நிலைத்தனர். அவர்களுடைய கடற்படை கரையூர்களைச் சூறையாடியதும் உண்டு. நம் சோழரின் கப்பற்படையைப் பாடும்போது அது தீவைத்த ஊர்களை நாம் எண்ணுவதில்லை. அரசர்களை அரசர்களாகவே, நிறையும் குறையுமாக, காண்போம். ஒரு மக்களுக்கு அரசர்களும் வணிகர்களும் மாலுமிகளும் இருந்தார்கள் என்று ஒப்புக்கொள்வதே அவர்களை மக்களாகக் காண்பதன் தொடக்கம்.

இங்கே அடிமை வணிகத்தை மறைத்துப் பேசினால் நான் பொய்யனாவேன். போர்ச்சுக்கீசியர் மொசாம்பிக்கிலிருந்து ஆப்பிரிக்கரைக் கொணர்ந்து தம் கோட்டைகளிலும் கப்பல்களிலும் பணியில் வைத்தனர். இலங்கையில் கண்டி அரசோடு நடந்த போர்களில் அவர்கள் முன்னணியில் நிறுத்தப்பட்டனர். ஆங்கிலேயரும் பின்னர் ஆப்பிரிக்கரை வாங்கி இலங்கையில் படைப்பிரிவுகள் அமைத்தனர். அப்படையினரின் வழிவந்தோர் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். போர்ச்சுக்கீசியம் கலந்த மொழியில் 'மஞ்சா' என்னும் பாடலைத் தாளத்தோடு பாடி ஆடுகின்றனர். அவர்களுக்குக் காப்பிரி என்பது வசையன்று. தம் இனத்தின் பெயர். சொல்லின் நஞ்சு ஒலியில் இல்லை, சொல்பவன் நெஞ்சில் உள்ளது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இன்னும் ஒரு செய்தி; இதை நம்மூர் அவையில் சொல்லியே ஆகவேண்டும். 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அதை அடுத்த ஆண்டுகளில் சோழமண்டலக் கரையில் போரும் பஞ்சமும் மூண்டன. பட்டினியால் வாடிய தமிழர் ஆயிரக்கணக்கில் விற்கப்பட்டு, ஒல்லாந்தரின் கப்பல்களில் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றப்பட்டனர். சோழமண்டலத்திலிருந்து கொண்டுபோகப்பட்ட அடிமைகள் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்திலும் இருந்தனர். ஆப்பிரிக்கர் நம் கரைக்கு விற்கப்பட்ட அதே காலத்தில், நம்மவர் அவர்கள் கரைக்கு விற்கப்பட்டனர். அங்கே நம் மூதாதையரை என்ன பெயரிட்டு நகைத்தார்களோ! ஒருவரை ஒருவர் இழிக்க இவ்விரு மக்களுக்கும் என்ன உரிமை இருக்கிறது?

கடல் மறக்கவில்லை, மண்ணும் மறக்கவில்லை. மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பருத்த பெருக்கமரத்தை நம்முள் சிலர் பார்த்திருப்பீர்கள். தமிழகத்திலும் ஆங்காங்கே ஆனைப்புளி, பப்பரப்புளி என்னும் பெயர்களோடு அம்மரம் நிற்கிறது. அதன் தாயகம் ஆப்பிரிக்கா. இந்தியாவிலுள்ள இம்மரங்கள் ஒருமுறையன்றிப் பலமுறை ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர் கையால் கொணரப்பட்டவை என்று 2015-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. பப்பரப்புளி என்ற பெயரைக் கேட்குந்தோறும், வடகிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் பழங்கிரேக்கர் இட்ட 'பார்பாரியா' என்னும் பெயர் என் நினைவுக்கு வருகிறது. மரத்தை விடுங்கள். விளாத்திகுளத்துக் கரிசலில் விளையும் கம்பு ஆப்பிரிக்காவில் முதன்முதல் பயிராக்கப்பட்ட தானியம், கேழ்வரகும் அவ்வாறே. கம்பங்கூழ் குடித்து வளர்ந்த நான், அத்தானியத்தை முதலில் விதைத்தவனின் வழித்தோன்றலை இருளுக்கு உவமித்தேன்.

வணிகமும் நின்றுவிடவில்லை. நம் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளுள் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் ஓடு நீக்காத முந்திரிக்கொட்டையும் ஒன்று. அங்கிருந்து ஆலைகளுக்குச் செல்கிறது. இத்துறைமுகத்துக்கு யார் பெயர் இட்டிருக்கிறோம்? 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனி தொடங்கியவரின் பெயரை. தமிழனுக்குக் கப்பலோட்டத் தெரியாது என்று எண்ணியவர் முன்னால் அவர் கப்பலோட்டினார் என்பதற்காகவே நாம் அவரை வணங்குகிறோம். ஒரு மக்களின் கப்பலை மறைப்பது அம்மக்களின் மானத்தை மறைப்பதாகும் என்று இவ்வூருக்குத் தெரியும். தெரிந்த நாமே அதூலிசின் கப்பலை மறைக்கலாமா?

இதற்கும் கவிதைக்கும் என்ன தொடர்பு என்று இளங்கவிஞர் சிலர் எண்ணலாம். வரலாற்றைத் திருத்துவது வரலாற்றாசிரியர் பணி. சொல்லைத் திருத்துவது நம் பணி. ஓர் உவமை நூறு பாடநூல்களினும் ஆழமாக நெஞ்சில் தங்கும். கருமை என்றதும் அச்சமும் தீமையும் வரிசையில் வந்து நிற்குமாறு நம் கவிதைகளைப் பழக்கிவிட்டோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோ இந்நாட்டாரைப் பற்றி எழுதியது வேறு. இங்கே கருமையே அழகு. இவர்கள் கடவுளரைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் தீட்டுவர் என்றார் அவர். திருமாலையும் காளியையும் கருநிறத்தில் கண்டு கைகூப்பிய மொழியில் காப்பிரி எப்படி வசையாயிற்று? அந்த வசை முதலில் சுடுவது நம் வீட்டுப் பெண்களின் நிறத்தையும் முடியையுமே.

ஆகவே இவ்விழாவில் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, நம் மாதக் கூட்டங்களில் ஒன்றை இக்கடலின் மறுகரைக்கென ஒதுக்குவோம். சிரம்பியடிப் பாடலையும் மாலிக் அம்பரின் வாழ்வையும் அங்கே பேசுவோம். இரண்டாவது, என்னைப் பற்றியது. நம் முதல் தொகுப்பு மறுபதிப்பாகப் போவதாகச் செயலாளர் சொன்னார். என் உப்பளக் கவிதையிலிருந்து அந்த வரியை நீக்கிவிடலாமா என்று அன்போடு கேட்டார். வேண்டா என்றேன். நீக்கிவிட்டால் நான் பிழை செய்யாதவன் போலத் தோன்றுவேன். அவ்வரி அச்சில் அப்படியே இருக்கட்டும். அதன் அடியில், இக்கவிதை பிழையுடையது, காரணம் பத்தாம் ஆண்டு மலரில் காண்க என்று ஒரு குறிப்பு இருக்கட்டும். இவ்வுரையை எழுதித் தருமாறு கேட்டபோது நான் உடனே இசைந்ததற்குக் காரணம் அதுவே.

என் தாயார் இன்று இல்லை. இருந்திருந்தால், அம்மா, உங்கள் முடியை இனி இழுத்து வாரவேண்டா என்று சொல்லியிருப்பேன். அவரிடம் சொல்ல இயலாததை உங்களிடம் சொன்னேன்.